அடிபட்டது யார்?

என் மனைவி ருக்குமணிக்கு ஜப்பானிய மொழி தெரியும். ஆனால் அது தொழிற்சாலையில் பொறுக்கிய ஜப்பானிய மொழி. 'சீக்கிரம்', 'இது சரியில்லை', 'யார் செய்தது?', 'மறுபடியும் செய்' என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பூவைப் பற்றியோ பேரப்பிள்ளைகளைப் பற்றியோ நாசூக்காக நாலு வார்த்தை பேசச் சொன்னால் திருதிருவென்று விழிப்பாள். இத்தனை வருஷத்தில் அவள் ஜப்பானிய மொழியில் 'தயவுசெய்து' என்று சொல்லி நான் கேட்டதில்லை. தமிழிலும் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

பள்ளி முடித்த கையோடு புக்கிட் தெங்காவில் ஜப்பான்காரர்கள் நடத்திய ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தாள். பினாங்குத் தீவிலிருந்து பாலம் தாண்டிப் போகும் கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டே போய், சின்னச் சின்னச் சுவிட்சுகளைப் பொருத்தும் வரிசையில் நின்றவள், கடைசியில் அந்த வரிசைக்கே சூப்பர்வைசர் ஆகி ஓய்வு பெற்றாள். நடுவில் ஒருமுறை பயிற்சிக்காக ஒசாகா பக்கம் அனுப்பிவைத்தார்கள். அங்கேதான் அவளுக்கு அந்தச் சாவி கிடைத்தது. சாவி என்பது அவள் வைத்த பெயர்.

ஒரு நாள் தொப்பலாக நனைந்து வந்த லைன் லீடர், "அமே நி ஃபுராரெத்தா" என்று அலுத்துக்கொண்டாராம். அமே என்றால் மழை, ஃபுரு என்றால் பெய்வது. அதெல்லாம் இவளுக்குத் தெரியும். ஆனால் மழை பெய்தது என்று நேராகச் சொல்லாமல் இந்த மனிதர் எதற்கு அந்த வார்த்தையின் வாலைப் பிடித்து முறுக்குகிறார் என்று புரியவில்லை. பயிற்சிப் புத்தகத்தைப் பார்த்தால், மழையால் நான் பெய்யப்பட்டேன் என்கிற மாதிரி ஒரு விளக்கம் போட்டிருந்தது. பெய்தது மழை, இதில் நான் எங்கிருந்து வந்தேன் என்று நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டு, விடுதிக்குத் திரும்பியதும் கூலிமிலிருந்து வந்திருந்த மலாய்த் தோழியிடம் கேட்டிருக்கிறாள். அவள் துணி உலர்த்திக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாளாம்: "கெனா ஹூஜான்லா, ருக்கு!"

பினாங்கில் தமிழர், மலாய்க்காரர், சீனர் யாரைக் கேட்டாலும் கெனா தெரியும். மழையில் மாட்டினால் கெனா ஹூஜான். முதலாளியிடம் திட்டு வாங்கினால் கெனா மாரா. எவனாவது ஏமாற்றினால் கெனா தீப்பு. வேண்டாத ஒன்று நம் தலையில் வந்து விழுந்தால் அதற்கு முன்னால் ஒரு கெனாவைப் போட்டுவிட்டால் போதும், மேற்கொண்டு புலம்பத் தேவையில்லை. ஜப்பான்காரர்களின் அந்த 'ராரெத்தா'வும் இதே ஜாதிதான் என்று ருக்குமணி முடிவு கட்டினாள். அதுதான் அவளுடைய சாவி. அவர்கள் இன்னும் ஒரு படி மேலே போவார்களாம். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக் குழந்தை விடாமல் அழுதால், 'குழந்தையால் அழப்பட்டேன்'. மனைவி கோபித்துக்கொண்டு தாய்வீடு போய்விட்டால், 'மனைவியால் போகப்பட்டேன்'. அழுவதும் போவதும் யாரோ. அவதி மட்டும் சொல்கிறவருக்கு.

முதல் தடவை இதைக் கேட்டபோது எனக்குச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. பிறகு யோசித்துப் பார்த்தால் நாமும் ஒன்றும் சளைத்தவர்கள் இல்லை. கஷ்டப்படு, அவதிப்படு, அடிபடு என்று நம் 'படு'விலும் பாதி பாடுதானே. இதை நான் பெரிய கண்டுபிடிப்பாக எடுத்துச் சொன்னதும், "நீங்க அப்படி என்னா பாடு பட்டுட்டீங்க?" என்று ருக்குமணி கேட்டாள். "கல்யாணம்" என்று சொல்லிவிட்டு நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிட்டேன்.

என் பெயர் தங்கராஜு. துறைமுகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். பிள்ளைகள் கோலாலம்பூர் பக்கம் போய்விட்டார்கள். நாங்கள் இருவரும் புலாவ் திக்குஸ் சந்தைக்குப் பின்னால் ஒரு பழைய அடுக்குமாடியில் இருக்கிறோம். லிஃப்ட் முனகும், தண்ணீர்க் குழாய் இருமும். மற்றபடி ஒரு குறையும் இல்லை. கீழே இறங்கினால் காலையில் இட்லி கிடைக்கும், மாலையில் பசெம்பூர் கிடைக்கும், நடந்தால் கடற்கரை. எனக்கு இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

ருக்குமணிக்கு மட்டும் ஓய்வு ஒத்துவரவில்லை. அதட்டுவதற்கு ஆள் இல்லாமல் தவித்தாள். நான் ஒருவன் எத்தனைக்குத்தான் ஈடு கொடுப்பேன்? அந்த நேரத்தில்தான் மூன்றாம் மாடிக்கு ஹமாதா சான் குடிவந்தார். கோபேயில் இருந்து வந்த விதவை, வயது எழுபதுக்கு மேல். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று பினாங்குக்கே வந்துவிட்டவர். மலாய் தெரியாது. ஆங்கிலம், சந்தையில் மீன் வாங்கும் அளவுக்குத்தான். தண்ணீர் பில்லா, ஏர்கோன் கோளாறா, டாக்டரைப் பார்க்க வேண்டுமா, எல்லாவற்றுக்கும் என் மனைவிதான் கூடப் போனாள். கட்டடத்தில் எல்லோரும் அவளை 'ஜப்பான் அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்தப் பெயர் அவளுக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பது எனக்குத் தெரியும். யாராவது அப்படிக் கூப்பிட்டால், காது கேட்காத மாதிரி இரண்டாம் முறை கூப்பிட விடுவாள்.

ஒரு சனிக்கிழமை, தபால் பெட்டிகளுக்கு முன்னால் நாங்கள் நின்றிருந்தபோது ஹமாதா சான் வந்தார். முகம் வாடியிருந்தது. குனிந்து வணங்கினார். பிறகு விரலால் மாடியைக் காட்டி, ஏதோ வெட்கப்படுவது போலச் சிரித்துக்கொண்டே, ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"உவே நொ ஹிதோ நி மைனிச்சி டொன்டொன் தத்தகரெத்தே, கொமத்தே இமாஸ்."

ருக்குமணியின் கையிலிருந்த கரண்ட் பில் கீழே விழுந்தது.

"மைனிச்சி?" என்று கேட்டாள். தினமுமா என்று அர்த்தம்.

"ஹாய், மைனிச்சி." ஆமாம், தினமும்.

"டொன்டொன்?"

"ஹாய், டொன்டொன்" என்று ஹமாதா சான் மறுபடியும் சிரித்தார்.

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் ருக்குமணி பொரிந்து தள்ளிவிட்டாள். "மேல இருக்கிறவன் அந்த அம்மாவ தினமும் அடிக்கிறானாங்க! தத்தக்குனா அடிக்கிறது. தத்தகரெத்தேனா கெனா புக்குல். டொன்டொன்னா மேல மேல, நிறுத்தாம. எங்க ஃபேக்டரில தினம் கேட்ட வார்த்த, 'டொன்டொன் செய், டொன்டொன் செய்'னு. பாவம், வலிய மறைக்கச் சிரிக்கிறாங்க பாருங்க!"

ஹமாதா சானுக்கு மேல் வீட்டில் இருந்தவர் சிவநேசன். செபராங் ஜெயாவில் ஏர்கோன் பழுதுபார்க்கும் வேலை. நாற்பது வயதுக்குப் பக்கம், தனி ஆள், வாடகைக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. லிஃப்ட்டில் பார்த்தால் "அண்ணே, அக்கா" என்று ஒதுங்கி நிற்பார். தோளில் எப்போதும் ஒரு பெரிய பை. அதில் ஏர்கோன் சாமான் இருக்கும் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டிருந்தோம். எங்கள் வீடு சாலையைப் பார்த்த பக்கம், பஸ் சத்தத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. அவர்கள் இருப்பது பின்பக்கம். அங்கே என்ன நடக்கிறது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

"அந்தப் பையன் அப்படிப்பட்ட ஆளாத் தெரியலயே. கொஞ்சம் பொறு" என்றேன். என் பேச்சு எந்தக் காலத்தில் சபை ஏறியிருக்கிறது? ருக்குமணி அதற்குள் படி இறங்கிக்கொண்டிருந்தாள்.

குடியிருப்போர் சங்கத் தலைவி ரோஹானா, அரசாங்க ஆஸ்பத்திரியில் பெரிய மிஸ்ஸியாக, அதாவது தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். நோயாளிகளும் டாக்டர்களும் ஒரே மாதிரி நடுங்கிய மிஸ்ஸி என்று கேள்வி. ஹமாதா சானுக்குக் கீழ் வீடுதான் அவருடையது, ஆனால் மாலையில் பேரனைப் பார்க்க மகள் வீட்டுக்குப் போய்விடுவார். அவரிடம் போய் ருக்குமணி மூன்றே வார்த்தை மலாயில் சொன்னாள்: "டியா கெனா புக்குல்." அவர் அடிவாங்குகிறார்.

அன்று மாலையே கீழ்த்தளத்துக் கூடத்தில் நாற்காலி போட்டாகிவிட்டது. ரோஹானா நடுவில். ஹமாதா சான் ஒரு பக்கம், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு. வாசலில் காவலாளி முஸ்தஃபா. இன்னும் நாலைந்து பேர், எதற்கு என்றே தெரியாமல். வேலை முடிந்து அந்தப் பெரிய பையோடு வந்த சிவநேசனை முஸ்தஃபா மறித்து உள்ளே அனுப்பினார்.

ருக்குமணி எழுந்து நின்றாள். வரிசையில் பழுது வந்தால் எப்படி நிற்பாளோ அப்படி. "தம்பி, நேரா கேக்குறேன், நேரா சொல்லுங்க. நீங்க அடிக்கிறீங்களா?"

சிவநேசனின் முகம் சுருங்கியது. "ஆமாக்கா" என்றார். "கீழ வரைக்கும் கேக்குதா?"

"எதுக்கு அடிக்கிறீங்க?"

"கை பழகணும்லக்கா. தினம் அடிச்சாதான் கை நிக்கும். வேலை முடிஞ்சி வந்து கொஞ்ச நேரந்தான். ஞாயித்துக்கெழம கூட்டாளிங்க வந்தா மட்டும் எல்லாரும் சேந்து அடிப்போம்."

ருக்குமணி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். ரோஹானா பொறுக்க மாட்டாமல் மலாயில் நேராகவே கேட்டார். மலாயிலும் வம்பு தீரவில்லை, மேளத்தை அடித்தாலும் புக்குல்தான், மனுஷனை அடித்தாலும் புக்குல்தான். "புக்குல்தான் அக்கா, ஆனா மெதுவாத்தான்" என்று சிவநேசன் தலையைக் குனிந்துகொண்டார். ரோஹானா போலீசைக் கூப்பிடக் கைத்தொலைபேசியை எடுத்துவிட்டார்.

அவர் மிஸ்ஸியாக இருந்தது நல்லதாய்ப் போயிற்று. போலீஸ் வருவதற்கு முன் காயத்தைப் பார்த்து வைக்க வேண்டும் என்ற பழக்கம் விடவில்லை. எழுந்து போய் ஹமாதா சானின் கையைப் பிடித்து, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் ஏற்றினார். ஹமாதா சான் பதறிப்போய், "இயே, இயே" என்று மறுத்துக் கையை இழுத்துக்கொண்டார். இந்தப் பெண்கள் தன்னை என்னவோ தப்பாகப் புரிந்துகொண்டார்கள் என்று அவருக்கு அப்போதுதான் பட்டிருக்க வேண்டும். மேசைமேல் இரண்டு கைகளையும் வைத்து, "டொன் டொன்" என்று சொல்லித் தட்டிக்காட்டினார். வெறும் தட்டல் இல்லை. இரண்டு தட்டி, ஒரு இடைவெளி விட்டு, மூன்று தட்டி, மறுபடி இரண்டு.

சிவநேசன் தலையை நிமிர்த்தினார். "அக்கா, அது எங்க அடியாச்சே! காவடிக்கு அடிக்கிறது!" தோளில் இருந்த பையைத் திறந்தார். உள்ளே உருமி மேளம்.

ருக்குமணி அந்த உருமியையும் ஹமாதா சானையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டாள். "நானி ஒ?" எதை?

"தைக்கோ" என்றார் ஹமாதா சான். மேளம்.

நடந்தது இவ்வளவுதான். மேல் வீட்டுக்காரர் மேளம் அடிக்கிறார். அந்தச் சத்தம் கீழே இருப்பவர் தலையில் விழுகிறது. ஜப்பானிய மொழியில் அந்த அவதியை 'அவரால் அடிக்கப்பட்டேன்' என்கிற வால் முறுக்கிய வார்த்தையால் சொல்லலாம். அடி வாங்கியது மேளம்தான், அவதி மட்டும் அம்மாவுக்கு. எதை அடித்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தானே என்று ஹமாதா சான் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டார். டொன்டொன் என்பதும் மேளத்தின் சத்தம்தான். தொழிற்சாலை அர்த்தம் இவள் மண்டையில் மட்டும்தான் இருந்தது.

ரோஹானாதான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஹமாதா சான்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிவநேசன் மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப நீங்க எல்லாரும் என்னா நெனச்சீங்க?" என்று கேட்டார். அவரே ஒவ்வொரு முகமாகப் பார்த்துப் புரிந்துகொண்டார். "ஒரு வயசான அம்மாவ நான் அடிப்பேன்னு நெனச்சீங்களா, அக்கா?"

அவர் பையை மூடித் தோளில் போட்டுக்கொண்டு படியேறிப் போய்விட்டார். லிஃப்ட்டுக்குக்கூட நிற்கவில்லை.

தப்பு அன்றைக்கே திருத்தப்பட்டுவிட்டது என்று நாங்கள் நினைத்தோம். ஊர் வாய் அப்படி நினைக்கவில்லை. முஸ்தஃபா வேடிக்கையாக, "என்ன தம்பி, இன்னிக்கி யாருக்கு அடி?" என்று கேட்டிருக்கிறார். சந்தையில் மீன்காரர் காதுக்கும் கதை போய்விட்டது. அவர்களுக்கு அது சிரிப்புக் கதை. ஆனால் கதையின் முன்பாதியை மட்டும் கேட்டவர்களும் இருந்தார்கள். லிஃப்ட்டில் அவர் ஏறினால் ஒரு அம்மா பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டதை நானே பார்த்தேன். எனக்கு ஆத்திரமாக வந்தது. என்ன செய்வது, அந்த ஆத்திரத்தை நியாயமாக என் வீட்டிலேயே அல்லவா காட்ட வேண்டும்?

சிவநேசன் மேளத்தை நிறுத்திவிட்டார். தைப்பூசத்துக்குக் காவடிகளுக்கு முன்னால் அடிக்கும் குழுவில் அவர்தான் முக்கியமான கை. இந்த வருஷம் நான் வரவில்லை என்று சொல்லிவிட்டாராம். வீட்டைக் காலி செய்யவும் இடம் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டோம்.

ருக்குமணி பாசிப்பருப்புப் பாயசம் எடுத்துக்கொண்டு போனாள். சிவநேசன் கதவைத் திறந்து, வாங்கிக்கொண்டு, "பரவாயில்லக்கா" என்றார். பாத்திரத்தைக் கழுவித் திருப்பித் தந்தபோதும், "பரவாயில்லக்கா" என்றார். "திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்று வந்து உட்கார்ந்து அழுதாள். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் அழுது நான் பார்த்தது குறைவு. அன்றிலிருந்து 'ஜப்பான் அக்கா' என்று யாராவது கூப்பிட்டால் உண்மையிலேயே காதில் வாங்காமல் நடந்தாள். ஹமாதா சானைத் தூரத்தில் கண்டால் வேறு வழியில் போனாள். அதட்டல் நின்றுபோன வீடு எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

ஒரு ஞாயிறு மதியம் சாப்பிட்டு முடித்திருந்தோம். கதவு தட்டும் சத்தம். திறந்தால் ஹமாதா சான். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். ருக்குமணி சமையலறையிலிருந்து ஈரக்கையோடு வந்து நின்றாள். ஹமாதா சான் மாடியைக் காட்டினார்.

"உவே நொ ஹிதோ நி யமெராரெத்தே, கொமத்தே இமாஸ்."

ருக்குமணி இரண்டு கைகளையும் உயர்த்தினாள், யாரோ துப்பாக்கி காட்டியது போல. "எனக்கு ஜப்பான் பாஷ தெரியாதுன்னு சொல்லுங்க" என்றாள் என்னிடம்.

"அத ஜப்பான் பாஷையில சொல்ல எனக்குத் தெரியாதே" என்றேன்.

வேறு வழியில்லாமல் அவர் எதிரே உட்கார்ந்தாள். இந்த முறை ஒரு வார்த்தையைக்கூட அப்படியே விழுங்கவில்லை. யமெரு என்றால் நிறுத்துவது. யார் நிறுத்தினார்? மேல் வீட்டுக்காரர். எதை? மேளத்தை. யாராவது உங்களை எதையாவது நிறுத்தச் சொன்னார்களா? இல்லை. உங்களை யாராவது தொட்டார்களா? ஹமாதா சான் பொறுமையாகத் தலையசைத்தார், இல்லை. கொமத்தே இமாஸ் என்றால் அவதியாக இருக்கிறது. அப்படியென்றால் அந்த அவதி யாருக்கு?

ஹமாதா சான் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். மெதுவாக, சின்னச் சின்ன வாக்கியமாகச் சொன்னார். ருக்குமணி ஒவ்வொன்றாகத் தமிழில் எனக்குச் சொன்னாள்.

கோபேயில் இருக்கும் மகனோடு வீடியோவில் பேசும் நேரமும் சிவநேசன் மேளம் அடிக்கும் நேரமும் ஒன்றாக இருந்தது. கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்கத்தான் அன்றைக்கு வந்தார். நிறுத்தச் சொல்ல வரவில்லை. இப்போது தன்னால் ஒரு மனிதர் தன் வாத்தியத்தையே விட்டுவிட்டார். லிஃப்ட்டில் அவரைப் பார்த்தால் இவருக்குத் தலை நிமிரவில்லை. மகனோடு பேசும்போது மேலே நிசப்தமாக இருக்கிறது, அந்த நிசப்தம் இவரைக் குத்துகிறது. 'அவர் நிறுத்தியது என் மேல் விழுந்துவிட்டது.' அதுதான் அந்த 'யமெராரெத்தே'.

ருக்குமணி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "வாங்க" என்றாள், எங்கள் இருவரையும் சேர்த்து. பழைய அதட்டல் திரும்பியிருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சிவநேசன் கதவைத் திறந்தார். உள்ளே அட்டைப்பெட்டிகள் பாதி கட்டிய நிலையில் இருந்தன. ஹமாதா சான் வாசலிலேயே இடுப்பு வரை வளைந்து வணங்கினார். சிவநேசன் பதறி, "ஐயோ, வேணாம்மா" என்று கை கூப்பினார்.

"தம்பி, இவங்க ஒன்னு சொல்றாங்க. இந்தத் தடவ நான் பத்து தரம் கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன்" என்றாள் ருக்குமணி. "நீங்க அடிக்கிறத நிறுத்துனீங்கள்ல? அந்த நிறுத்தம் இவங்களுக்கு அடியா விழுந்திருக்காம். தாங்க முடியலயாம்."

சிவநேசன் அவளையும் ஹமாதா சானையும் பார்த்தார். "என்னாக்கா இது? அடிச்சாலும் அடி, அடிக்காட்டியும் அடியா?"

சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். அந்தக் கூடத்தில் எல்லோரும் சிரித்தபோது சிரிக்காதவர். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். ருக்குமணி சிரிக்கவில்லை.

"தப்பு அவங்க மேலயும் இல்ல, உங்க மேலயும் இல்ல, தம்பி. என்மேலதான். எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசிட்டேன். உங்க பேர நானே கெடுத்துட்டேன். மன்னிச்சிருங்க. தயவுசெஞ்சி."

அந்தக் கடைசி வார்த்தை எனக்கே புதிது.

சிவநேசன் உள்ளே போனார். ஒரு பெட்டியைத் தள்ளிவிட்டு, அதன் பின்னாலிருந்து உருமியை எடுத்து வந்தார். தூசியைத் துடைத்தார். "அவங்களுக்கு எந்த நேரம் தோதுப்படும்னு கேளுங்கக்கா" என்றார். ருக்குமணி கேட்டாள். ஹமாதா சான் ஒரே வார்த்தையில் பதில் சொன்னார். பிறகு தரையிலேயே முழங்காலை மடித்து உட்கார்ந்துகொண்டார்.

"இப்பவே கேக்கணுமாம்" என்றாள் ருக்குமணி.

சிவநேசன் அடிக்க ஆரம்பித்தார். சும்மா மெதுவாகத் தொடங்கியதுதான். கை சூடேறியதும் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. உருமியின் அந்த உறுமல் அடிவயிற்றில் கேட்டது. ஹமாதா சான் தன் தொடையில் இரண்டு தட்டி, இடைவெளி விட்டு, மூன்று தட்டினார். ஒரு இடத்தில்கூடத் தப்பவில்லை. சிவநேசன் அதைப் பார்த்துவிட்டு இன்னும் பலமாக அடித்தார்.

ருக்குமணியின் கைத்தொலைபேசி அலறியது. ரோஹானா. மதியத் தூக்கம் கலைந்த மிஸ்ஸியின் குரல், எனக்கே தெளிவாகக் கேட்டது. இந்த நேரத்தில் யார் இப்படி அடிப்பது, யாருக்கு அடி என்று மலாயில் கத்தினார். வெளியே வராந்தாவில் இரண்டு கதவுகள் திறந்து, என்னமோ ஏதோ என்று தலைகள் எட்டிப் பார்த்தன. பிள்ளையை இழுத்துக்கொண்ட அந்த அம்மாவும் அதில் இருந்தார்.

ருக்குமணி தொலைபேசியைக் காதில் வைத்தபடியே வராந்தாவுக்கு வந்தாள். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று, தொழிற்சாலை வரிசையின் கடைசி வரை போகும் குரலில், முதலில் மலாயிலும் பிறகு தமிழிலும் சொன்னாள். ஒரு வார்த்தை விடவில்லை.

"சிவநேசன் உருமி அடிக்கிறாரு. எங்களுக்காக அடிக்கிறாரு. நாங்கதான் கேட்டு அடிக்கச் சொன்னோம்."

தொலைபேசியை அணைத்துவிட்டு உள்ளே வந்து, ஹமாதா சானுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.